வளைந்த நடைக்கூடம்

ஜூன் 9, ஞாயிறு

போன வருடம் செய்த மேசையில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று எங்கும் குறித்துவைக்கவில்லை. பெங்களூர்ப் போட்டியில் இறக்கி வைத்ததும் பாதி விளக்கு எரியவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் மேசையைக் கவிழ்த்துப் போட்டுத் தேடியதுதான் மிச்சம். அதனால் இந்தத் தடவை வேலை நடக்கிற அன்றைக்கே எழுதிவைப்பது என்று இந்த டைரியை எடுத்திருக்கிறேன். ஜவுளிக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. மே வரைக்கும் வெறும் தாள்.

இந்த வருடம் செய்யப்போவது ஒரு சுரங்க நகரம். ஏதோ ஒரு கிரகத்தின் நிலவில், ஆட்கள் விட்டுவிட்டு ஓடிப்போன ஊர். நடுவில் உலைக் கோபுரம், அதற்குள் பச்சை வெளிச்சம் மூச்சு விடுவது மாதிரி ஏறி இறங்கவேண்டும். ஒரு ஓரத்தில் கலங்கள் வந்து இறங்கும் தளம், சுற்றிச் சிவப்பு விளக்கு. இரண்டையும் இணைக்கும் நீளமான நடைக்கூடம். கூரை இருக்காது. விளையாடுகிறவர்கள் தங்கள் வீரர்களை உள்ளே நிறுத்தவேண்டுமே.

பேக்கரிக்கு விளக்குப் போர்டு செய்யச் சொன்னவர் என் கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்னுங், கொலுவா?" என்றார். மேசை மேல் விளையாடும் போர் என்றேன். விரல் உயரப் பொம்மைகள், ஆளுக்கு ஒரு படை, டேப் வைத்து அளந்து நகர்த்தவேண்டும், சுட்டது பட்டதா இல்லையா என்று பகடை சொல்லும். "கொழந்தைகளுக்குங்களா?" என்றார். எனக்கு நாற்பத்து மூன்று வயது என்று சொல்லவில்லை.

லிங்கம் மதியம் வந்தான். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு, அன்றிலிருந்து எனக்கு எதிர்ப்படை அவன்தான். நான் கட்டுவேன், ஒயர் இழுப்பேன். வர்ணம் அவன். சாயப்பட்டறை லேபில் ஷேடு பார்க்கிறவன். வெள்ளைக்காரன் அனுப்பும் துணித் துண்டைப் பார்த்து அதே நிறம் கொண்டுவருகிற கண். போன வருடம் பெங்களூரில் எல்லோரும் குனிந்து குனிந்து பார்த்தது அவன் வரைந்த பொம்மைகளைத்தான். பரவாயில்லை. விளக்கு எரியாத மேசையை யார் பார்ப்பார்கள்.

ஜூன் 12, புதன்

போம் பலகையில் சுவர்கள் அறுத்தாயிற்று. வெளிச்சம் போமுக்குள் ஊடுருவிச் சுவரே பல்பு மாதிரி எரிகிறது. உட்புறம் முழுக்கக் கறுப்பு அடித்து, அதன் மேல் அலுமினியத் தாள் ஒட்டியபின் நின்றது. பேக்கரி போர்டில் 'ரி' மட்டும் எரியவில்லை. மாற்றிக் கொடுத்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

நடைக்கூடம் நிறுத்தினேன். இந்த மேசையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. தரைக்குள் எல்இடி பட்டை, மேலே பால் நிற அக்ரிலிக், நடுவில் பட்டர் பேப்பர். புள்ளி புள்ளியாகத் தெரியாமல் ஒரே நீரோடையாக வெளிச்சம். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டலாம் போலிருந்தது.

லிங்கம் வந்து பார்த்துவிட்டு முதலில் சொன்னது: "ஏண்டா, செவுரு கோணலா நிக்குது."

"எந்தச் செவுரு?"

"இந்த நடைதான்டா. நடுவுல வளையுது பாரு. பாம்பாட்டம்."

மூலைமட்டத்தை எடுத்து வைத்துக் காட்டினேன். இரும்பு ஸ்கேலை வைத்துக் காட்டினேன். முடி நுழைய இடம் இல்லை. அவன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தான். ஒரு கண்ணைக் கையால் பொத்திப் பார்த்தான். பிறகு மற்றதை. "செரி, உடு, என்ற கண்ணுக்குத்தான் அப்பிடித் தெரியுதாட்டிருக்குது" என்றான்.

பாராட்டச் சொல்லவில்லை. ஆனால் இல்லாத குறையைச் சொல்லவும் வேண்டியதில்லை. போன வருடம் கிடைத்த பேர் கொஞ்சம் தலைக்கு ஏறியிருக்கிறது அவனுக்கு. இதை அவனிடமும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

லிங்கம் சுவர்களுக்குத் துரு வர்ணம் அடித்தான். மெதுவாக வேலை செய்கிறான். முன்பெல்லாம் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஒரு மதியத்தில் முடிப்பான். டேபிள் லைட்டைக் கிட்டக் கொண்டுவரச் சொன்னான். கொண்டுவந்தால் கண் கூசுகிறது என்று தள்ளச் சொன்னான். டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினான். நல்லவேளை, ஒயர் மேல் படவில்லை.

ஜூன் 27, வியாழன்

மழை. கரண்டு இல்லை. வேலை இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

உலைக் கோபுரம் எரிந்தது! கண்ட்ரோலரில் நேரத்தை மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் உண்மையாகவே மூச்சு விடுவது மாதிரி வந்துவிட்டது. மெல்ல ஏறி, ஒரு கணம் நின்று, மெல்ல இறங்குகிறது. அப்சலுக்கு வீடியோ அனுப்பினேன். அப்சல்தான் எங்களுக்கு மூன்றாவது ஆள், வீட்டில் த்ரீடி பிரிண்டர் வைத்திருக்கிற பையன், பொம்மைகளை அவன்தான் அச்சடித்துத் தருவான். "அண்ணா, பயமா இருக்குங்ணா பாக்கவே" என்று பதில் போட்டான். இதைவிட என்ன வேண்டும்.

லிங்கம் கோபுரத்துக்குக் கீழே மண்ணில் வெளிச்சம் விழுந்தமாதிரி வர்ணம் தீட்டினான். அதுதான் அவன் கைவண்ணம். விளக்கை அணைத்தாலும் வெளிச்சம் விழுந்துகொண்டிருப்பது போல இருக்கும். இன்று தீட்டியது நீலமாக இருக்கிறது. விளக்கு பச்சை. சொன்னேன். "பச்சைதானடா அடிச்சிருக்கறேன்" என்றான். புட்டியைத் தூக்கி லேபிளை மூக்குக்குக் கிட்டே வைத்துப் படித்தான். வைத்துவிட்டான்.

ஷேடு பார்க்கிறவன் பச்சையையும் நீலத்தையும் மாற்றி அடிக்கிறான் என்றால் மனசு இதில் இல்லை என்றுதான் அர்த்தம்.

ஜூலை 10, புதன்

லிங்கம் பட்டறை விட்டுப் போகிற வழியில் கடைக்கு வந்தான். வாசலிலேயே நின்றுகொண்டு, "சனிக்கெழம கோயமுத்தூர் வரைக்கும் போய்ட்டு வந்தர்லாம்னு இருக்கறேன். கண்ணாஸ்பத்திரிக்கு. சக்கரைக்காரனெல்லாம் வருசா வருசம் காட்டோணுமாம்" என்றான்.

சனி ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்தால்தான் இறங்குதளமும் மஞ்சள் கறுப்புப் பட்டைகளும் முடியும். பெங்களூருக்கு இருப்பது இந்த மாசக் கடைசி வரைதான். அதைச் சொன்னேன்.

"கண்ணாடி மாத்தோணும்னு சொல்லுவாங்க, அவ்வளவுதானே. பெங்களூரு முடியட்டும்டா. கண்ணு எங்க ஓடியா போயிரும்?"

"அதுவுஞ் செரிதான்" என்றான்.

நான் வற்புறுத்தவில்லை. அவனேதான் ஒத்துக்கொண்டான். போகும்போது படி இருப்பதைக் காலால் தடவிப் பார்த்து இறங்கினான். பட்டறையில் நின்று நின்று கால் வலி போல.

ஜூலை 13, சனி

இறங்குதளம் முடிந்தது. லிங்கம் காலையிலேயே வந்துவிட்டான்.

ஜூலை 19, வெள்ளி

லிங்கத்தின் மனைவி கோகிலவாணி போன் செய்தது. அது எனக்குப் போன் செய்வதே தீபாவளி பொங்கலுக்குத்தான்.

"ண்ணா, அவருகிட்டச் சொல்லீராதீங். அங்க வந்தா எப்பிடி இருக்காருங்? நல்லா வேல செய்றாருங்களா?"

"ஏன் அம்மணி?"

"வீட்ல பேப்பரே படிக்கறதில்லீங். டிவிக்கு முன்னால போய் ஒட்டி உக்காந்துக்கறாரு. நேத்து என்ற தங்கச்சி ரோட்ல சிரிச்சாளாமாங், அவரு பாட்டுக்குப் போயிட்டாருன்னு வருத்தப்படறா. ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்கன்னா எரிஞ்சு உளுவறாரு. நீங்கதானுங் அவருகூடவே இருக்கறீங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுதுங்களா?"

நல்லாத்தான் இருக்கான் என்றேன். நுணுக்கமான வேலையெல்லாம் செய்கிறான், கண்ணில் கோளாறு இருந்தால் செய்யமுடியுமா, பட்டறையில் வேலை நெருக்கடியாக இருக்கும், அலுப்பாக இருக்கும் என்றேன். "அப்பிடிங்களா. நீங்க சொன்னாச் செரிங்ணா. எனக்கு நெஞ்சு படபடன்னு இருந்துச்சு" என்று வைத்துவிட்டது.

இன்று இறங்குதளத்தின் சிவப்பு விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டேன். ஒயர் விவரம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

லிங்கம் போனபிறகு அப்சலை வரச்சொன்னேன். மஞ்சள் கறுப்புப் பட்டைகள் ஒன்றுக்கொன்று சேரவில்லை. சில இடத்தில் கோடு சுவரை விட்டே இறங்கிவிட்டது. கோபுரத்துக்குக் கீழே அந்த நீலம். அப்சல் ஏர்பிரஷ் கொண்டுவந்தான். மேசையைச் சுற்றி வந்து பார்த்தான்.

"இது லிங்கண்ணா அடிச்சதுங்களா?"

"அவசரத்துல அடிச்சுட்டான். நீ சரி பண்ணு."

"அவரு முன்னால பண்ணலாமேங்ணா. நான் எப்படிங் அவரு வேல மேல..."

அவனுக்குச் சிரமம் குறையட்டும் என்றுதான் என்றேன். அப்சல் பட்டைகளை மறைத்து மறுபடி அடித்தான். நீலத்தின் மேல் பச்சை வந்தது. நன்றாகத்தான் வந்திருக்கிறது. லிங்கம் அளவுக்கு இல்லை. ஆனால் விளக்குப் போட்டால் தெரியாது.

ஜூலை 25, வியாழன்

பெட்டி கட்டியாயிற்று. லிங்கம் புதிதாக வரைந்த படைத்தலைவனைக் கொண்டுவந்து கொடுத்தான். முகத்தை வரையாமல் தலைக்கவசத்தை மூடிவிட்டிருந்தான். "இப்பிடியே இருக்கட்டும், கெத்தா இருக்குதுல்ல?" என்றான்.

ஜூலை 28, ஞாயிறு, பெங்களூர்

முதல் பரிசு. மேசைகளுக்கான பிரிவில்.

இதை எழுதும்போது சந்தோஷமாக இருக்கவேண்டும்.

மண்டபத்தில் எங்கள் பக்கத்து விளக்கை மட்டும் அணைத்துக் கொடுத்தார்கள். கோபுரம் மூச்சுவிட ஆரம்பித்ததும் கூட்டம் கூடிவிட்டது. போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அங்கே ஒரு பெரிய விளையாட்டு அரங்கம் திறக்கப்போகிற ஒருவர், தமிழ்க்காரர், என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க என் விளக்குகளைப் பற்றி மட்டும் பேசினார்கள். இதற்குத்தான் இத்தனை நாள் ஆசைப்பட்டேன்.

லிங்கத்தை வீரர்களை அடுக்கச் சொன்னேன். இரண்டு படையையும் கலந்து அடுக்கிவிட்டான். என் பழுப்புப் படையில் பாதி அவன் அரக்குப் படைக்குள் நின்றது. நடுவர்கள் வருகிற நேரம். "என்னடா பண்ணி வெச்சிருக்கற, கண்ணு தெரியலயா உனக்கு?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். அவன் கையில் இருந்த பொம்மையை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்துகொண்டான்.

பிறகு அந்த அரங்கக்காரர் அவனைத் தேடிப்பிடித்துக் கைகொடுத்தார். "கோபுரத்துக்குக் கீழ மண்ணுல பச்சை வெளிச்சம் படர்ற மாதிரி பண்ணியிருக்கீங்களே, பிரமாதம் சார்."

லிங்கம் மேசைப் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தான். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். பிறகு அவரிடம் மரியாதையாகச் சொன்னான்: "அது நான் அடிச்சதில்லைங்க."

அப்சல் வெளியே போய்விட்டான். நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

ஜூலை 29, திங்கள்

திரும்பி வரும்போது ஓசூர் தாண்டி வேனை டீக்கு நிறுத்தியபோது லிங்கம் இறங்கவில்லை. நான் டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கும்போது கை டம்ளருக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்தது. டம்ளரை அவன் விரலில் படும்படி வைத்தேன்.

"நான் போட்டது நீலமாவா இருந்துச்சு?" என்றான்.

"ஆமாண்டா."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

சொன்னேனே என்றேன். "அதில்ல" என்றான். வேறு எதைக் கேட்டான் என்று நானும் கேட்கவில்லை.

ஜூலை 31, புதன்

கோகிலவாணி கடைக்கே வந்துவிட்டது. செருப்புக்கூடப் போடவில்லை. காலையில் பட்டறையில் இருந்தபோது வலது கண்ணில் மை ஊற்றினமாதிரி கறுப்பாக இறங்கியதாம். முதலில் நூல் நூலாக, அப்புறம் முழுக்க. லேபில் எல்லோர் முன்னாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டானாம். இதற்கு முன்னாலேயே இரண்டு தடவை ஷேடு மாறிப்போய், துணி திரும்பி வந்து, மேனேஜர் பேசியிருக்கிறார். அதை அவன் வீட்டிலும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

ஆகஸ்ட் 1, வியாழன்

நேற்று மீதியை எழுத முடியவில்லை.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கண்ணுக்குச் சொட்டு விட்டு விட்டு ஒவ்வொரு அறையாகக் கூட்டிப்போனார்கள். ஒரு மிஷினில் முகத்தை வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். கடைசியில் டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார். என் தங்கை வயசுதான் இருக்கும். சர்க்கரையால் இரண்டு கண்ணிலும் நடுப்பகுதியில் நீர் கோத்து வீங்கியிருக்கிறது, வலது கண்ணில் ரத்தமும் கசிந்துவிட்டது என்றார். இடது கண்ணை ஊசி போட்டுக் கொஞ்சம் காப்பாற்றலாம். வலது கண்ணில் என்ன மிஞ்சும் என்று ரத்தம் வடிந்தபிறகுதான் தெரியும், அதிகம் எதிர்பார்க்கவேண்டாம் என்றார்.

"நேர்க்கோடெல்லாம் வளைஞ்சு தெரிஞ்சுதா உங்களுக்கு? கதவு நிலை, ஜன்னல் கம்பி, அந்த மாதிரி?"

"தெரிஞ்சுதுங்க."

"எப்போ இருந்து?"

"ஜூன் மாசத்துல இருந்துங்க."

"அப்பவே வரவேண்டியதுதானே. அதுதான் முதல் அறிகுறி. அப்போ வந்திருந்தா இந்த ரத்தக்கசிவு ஆகாமப் பாத்திருக்கலாம். யாருமே உங்களைப் போகச் சொல்லலையா?"

அந்த அறையில் சுவரில் ஒரு கண்ணின் பெரிய படம் மாட்டியிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேல இருந்துச்சுங்க, அதான் வர முடியல" என்றான் லிங்கம். என் பக்கம் திரும்பவே இல்லை.

அவனை ஊசிக்கு உள்ளே கூட்டிப்போனபிறகு நானும் கோகிலவாணியும் வெளியே பெஞ்சில் இருந்தோம். அது அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அழவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கழித்து, "உங்ககிட்டத்தானுங்ணா கேட்டேன்" என்றது. அவ்வளவுதான். பிறகு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

நான் டாக்டர் இல்லை. எனக்கு எப்படித் தெரியும்?

ஆகஸ்ட் 2, வெள்ளி

மேலே கடைசியாக எழுதியதை அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

யாரும் வரவில்லை. மேசை வேனிலிருந்து இறக்கிய மாதிரியே மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. டைல்ஸ் கடை போர்டுக்கு எழுத்து வெட்டினேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

லிங்கம் வீட்டுக்குப் போனேன். ஆப்பிள் வாங்கிப் போனேன், பிறகு சர்க்கரைக்காரன் என்று ஞாபகம் வந்து வழியிலேயே கொய்யாவாக மாற்றினேன். பட்டறையில் லேபிலிருந்து ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்களாம். மூட்டை வந்தது போனது சொல்கிற வேலை. "நல்ல மனுசங்க, நிறுத்தாம வெச்சிருக்காங்க" என்றான். நான் பேசிக்கொண்டே இருந்தேன். பெங்களூரைப் பற்றிப் பேசாமல் வேறு எல்லாவற்றையும் பேசினேன். புது மருந்து, கேரளாவில் ஒரு வைத்தியர், யூடியூபில் பார்த்த ஒரு ஆள். அவன் "ம்", "ம்" என்றான். கிளம்பும்போது கோகிலவாணி உள்ளே இருந்து வரவில்லை.

ஆகஸ்ட் 31, சனி

இரண்டாவது ஊசி. நானே கூட்டிப் போகிறேன் என்று அடம்பிடித்துக் கூட்டிப் போனேன். லேப் வரிசையில் நான் நின்றேன், சீட்டை நான் வாங்கினேன், செருப்பைக்கூட நான் எடுத்து வைத்தேன். டாக்டரம்மா இடது கண் பரவாயில்லை என்றார். வலது கண்ணில் ஓரத்தில் மட்டும் தெரியும், நடுவில் வராது என்றார். அதைக் கேட்டதும் வராந்தாவுக்கு வந்து சுவரோரம் நின்றுகொண்டேன். லிங்கம்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடி வந்தான். தோளைத் தட்டி, "ஒண்ணும் இல்லடா, உடு, உடு" என்றான்.

திரும்பும்போது அவினாசி தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னான்.

"ரங்கா, அடுத்த மாசம் நீ வரவேண்டாம். அப்சல் வர்றேன்னிருக்கறான்."

ஏன் என்றேன்.

"நீ வந்தா உன்னய வேற நான் பாத்துக்க வேண்டியிருக்குது. ஊசி கண்ணுக்குள்ள போவுதுடா. அந்த நேரத்துலயும் வெளிய நீ என்ன மூஞ்சிய வெச்சுட்டு உக்காந்திருப்பியோன்னுதான் ஓடுது. என்னால ரெண்டும் ஆகாது."

நான் ஆரம்பித்தேன். அன்று நீ ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றபோது நான், என்று ஆரம்பித்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"தெரியும்டா. நானும் பயந்துட்டுத்தான் இருந்தேன். நீ வேண்டாம்னதும் நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன். அது என்ற பங்கு. உன்ற பங்க எங்கிட்டக் கொண்டாந்து குடுக்காத. நான் வாங்கிக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். வண்டியை எடுத்தேன். ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு வந்தான்.

செப்டம்பர் 14, சனி

பெங்களூர் அரங்கக்காரர் போன் செய்தார். இதே மாதிரி இரண்டு மேசை வேண்டுமாம். செய்கிறேன் என்றேன். "பெயின்டிங் அதே ஆள்தானே?" என்றார். லைன் சரியில்லை, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

தார்ப்பாயை எடுத்து விளக்கைப் போட்டேன். எல்லாம் எரிந்தது. ஒரு ஒயர்கூடக் கழலவில்லை. இந்த டைரியைப் புரட்டவேண்டிய அவசியமே வரவில்லை.

கொஞ்ச நேரம் நின்றேன். அணைத்துவிட்டேன்.

செப்டம்பர் 28, சனி

இன்று மூன்றாவது ஊசி. அப்சல் கூட்டிப் போயிருப்பான். கடையில் மூன்று போர்டு வேலை இருந்தது. ஒன்றும் முடியவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

அரங்கக்காரரை நானே கூப்பிட்டு, அந்த ஆர்டர் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். வர்ணம் அடித்தவர் இப்போது அடிப்பதில்லை, போன தடவை கடைசியில் அடித்தது வேறு ஆள், அதையும் நான் அவருக்குத் தெரியாமல் செய்தேன் என்றேன். அவர் இதெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று குழம்பியிருப்பார். "சரி சார், பரவாயில்ல சார்" என்றார்.

சொல்லவேண்டியது அவரிடம் இல்லைதான். ஆனால் வேறு யார் கேட்பார்கள்.

அக்டோபர் 13, ஞாயிறு

காலையில் அப்சல் போன் செய்தான். "அண்ணா, மத்தியானம் என்ற வீட்ல ஒரு கேம் போடறோமுங். லிங்கண்ணா வர்றாரு. நீங்களும் வாங்க." லிங்கம் வரச் சொன்னானா என்று கேட்டேன். அப்சல் இழுத்தான். "வரவேண்டாம்னு சொல்லலீங்ணா" என்றான்.

போவதா வேண்டாமா என்று சாப்பிட்டபின்னும் முடிவு வரவில்லை. சட்டையை மாட்டியபின்பு போய்விட்டேன்.

அப்சல் வீட்டு முன்னறை. ஜன்னலெல்லாம் திறந்து நல்ல வெயில் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு மேசை மேல் போர்வையை விரித்து, புத்தகங்களை அடுக்கி மலையாக்கி, கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர்களைக் கோபுரமாக்கியிருந்தார்கள். அப்சலின் அம்மா வடை வைத்துவிட்டுப் போனார். லிங்கத்தின் வீரர்கள் காலடியில் தடிமனான வெள்ளை வளையம். அவன் கண்ணுக்குத் தெரியட்டும் என்று அப்சல் புதிதாக அச்சடித்திருப்பான். லிங்கம் தலையை ஒரு பக்கம் திருப்பி, இடது கண்ணின் ஓரத்தால் மேசையைப் பார்த்துக்கொண்டு, விரலால் தடவி ஒரு வீரனை நகர்த்தினான். சிரித்துக்கொண்டிருந்தான். கடைசியாக அவன் சிரித்து எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். தெரியவில்லை.

நான் வாசலில் நின்றேன். வெயில் எனக்குப் பின்னால்.

"யாரு வாசல்ல?" என்றான் லிங்கம்.

அப்சல் வாயைத் திறந்தான். பிறகு என்னைப் பார்த்து மூடிக்கொண்டான். அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். யாரோ அட்ரஸ் கேட்டு வந்தவர் என்று அப்சல் சொல்லியிருப்பான்.

"நாந்தான்டா. ரங்கன்."

லிங்கம் பக்கத்து நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்துக் கீழே வைத்தான்.

"நல்ல நேரத்துல வந்த. இங்க உக்காரு. இவன் என்ற மேல பாவப்பட்டுட்டு, நான் எது போட்டாலும் ஆறு ஆறுங்கறான். ஒரு மனுசனுக்கு எத்தன ஆறுடா உளுவும்?"

"இல்லீங்ணா, நெசமாவே..." என்றான் அப்சல். முகம் சிவந்துவிட்டது.

"என்ற தலைவன் இந்த மலைக்குப் பின்னால மாட்டியிருக்கறான். இப்பப் போடறதுல நாலுக்கு மேல உளுந்தாத்தான் பொழப்பான். நீ பாத்துச் சொல்லு."

பகடையைக் கைக்குள் குலுக்கிப் போட்டான். அது போர்வை மேல் உருண்டு, டம்ளரில் இடித்து, எனக்கு நேராக வந்து நின்றது. லிங்கம் பகடையைப் பார்க்கவில்லை. முகத்தை என் பக்கம் திருப்பி வைத்திருந்தான். எதிரே அப்சல் என்னையே பார்த்தான், கெஞ்சுகிற மாதிரி.

"ஒண்ணுடா" என்றேன்.

"செத்தான்" என்றான் லிங்கம். கையை நீட்டித் தடவித் தன் படைத்தலைவனை எடுத்து மேசைக்கு வெளியே படுக்கவைத்தான். பிறகு பகடையைத் தேடி எடுத்து மறுபடி குலுக்கிப் போட்டான்.

"இது?"